வண்டி ஒன்று, வீடு நாலு



இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்றை நான் மூன்று தரம் படித்தேன். எழுதியவர் ஒரு தாயார். ஊரையும் பேரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், வெளியிடவில்லை.

அவருக்கு ஒரே பிள்ளை. கல்லூரியில் படிக்கிறான். தன் அறையில் மேஜை விளிம்பில் ஒரு ஸ்டியரிங் சக்கரத்தைத் திருகி மாட்டி, காலடியில் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையில் கார் ஓட்டுகிறான். "பகலில் ஓட்டினால் போகட்டும்" என்று விட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவர், அவன் அறையில் வெளிச்சம் தெரிகிறதே என்று உள்ளே போனார். பிள்ளையின் காதில் ஹெட்போன். சட்டை வேர்வையில் தொப்பமாக நனைந்திருக்கிறது. இரண்டு தடவை கூப்பிட்டார், திரும்பவில்லை. மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. நேரே போய்ச் சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டிவிட்டார்.

பையன் கத்தவில்லையாம். இருட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, என்னை நம்பி இன்னும் மூணு பேர் இருக்காங்கம்மா" என்று மட்டும் சொன்னானாம். அப்புறம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

'விளையாட்டுத்தானே? அதற்கு இவ்வளவு கோபமா? நான் செய்தது தப்பா?' என்று கேட்டிருக்கிறார்.

பதில் சொல்வதற்கு முன், அந்த மூன்று பேர் யார், எங்கே இருந்தார்கள், எதற்காக ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மோட்டார்ப் பந்தயம் என்றால் யார் வேகமாகப் போகிறார்கள் என்பதுதான் என்று நாம் நினைக்கிறோம். அதில் இன்னொரு வகை உண்டு. ஆறு மணி, பன்னிரண்டு மணி, இருபத்துநாலு மணி என்று நேரத்தை வைத்துவிடுவார்கள். அந்த நேரத்துக்குள் யாருடைய கார் அதிக தூரம் போகிறதோ அதற்குத்தான் ஜயம். ஒரு மனுஷன் தூங்காமல் கொள்ளாமல் ஒரு நாள் முழுக்க ஓட்ட முடியுமா? முடியாது. ஆகவே ஒரு காருக்கு மூன்று, நான்கு பேர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர்கள் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், அடுத்த முறைக்குத் தயாராவார்கள்.

இந்தப் பந்தயங்களில் பேர் பெற்றது பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயம். 1923 ஆம் ஆண்டு தொடங்கியது. ஒரு சுற்றுக்கு 13.626 கிலோ மீட்டர். நிஜப் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே கொட்டகையில் இருப்பார்கள். ஒருவர் இறங்கினால் பக்கத்திலே நிற்கிறவர் ஏறிக்கொள்வார்.

கம்ப்யூட்டர் பந்தயத்தில் அந்தக் கொட்டகை கிடையாது. கார் ஒன்றுதான், அதுவும் திரையில்தான் ஓடுகிறது. ஆனால் அதை ஓட்டுகிற நாலு பேரும் நாலு வீட்டில், பல சமயம் நாலு தேசத்தில் இருக்கிறார்கள்.

இதை உலகம் முழுவதும் பார்த்தது 2020 ஆம் ஆண்டில். கொரோனாவினால் அந்த வருஷம் ஜூன் மாதத்து லெ மான் பந்தயத்தைச் செப்டம்பருக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த ஜூன் 13, 14 தேதிகளில் வெறும் கையோடு இருக்க மனம் வரவில்லை. 'ஆர்ஃபாக்டர் 2' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் இருபத்துநாலு மணி நேரப் பந்தயம் ஒன்றை நடத்திவிட்டார்கள். 50 கார்கள், 37 தேசங்களைச் சேர்ந்த 200 பேர்! நிஜக் கார் ஓட்டிப் பேர் வாங்கியவர்களும் இருந்தார்கள். அறைக்குள்ளேயே ஓட்டித் தேர்ந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு கூட்டத்தையும் கலந்துதான் ஒவ்வொரு கோஷ்டியும் அமைய வேண்டும் என்பது நிபந்தனை. எந்த ஓட்டுநரும் மொத்தத்தில் நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். ஏழு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. கெட்டிக்காரர் ஒருவரே உட்கார்ந்து ஓட்டித் தள்ளிவிட முடியாது, பாருங்கள்!

முதலாவதாக வந்த காரை ஓட்டியவர்கள் லூயி டெலெத்ராஸ், ரஃபேல் மார்சியெல்லோ என்ற நிஜப் பந்தய வீரர்கள் இருவரும், போலந்து தேசத்துக் கம்ப்யூட்டர் வீரர்கள் இருவரும். அந்த ஒரு நாளில் அவர்கள் கார் சுமார் ஐயாயிரம் கிலோ மீட்டர் ஓடியது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய்த் திரும்பினாலும் அவ்வளவு தூரம் ஆகாது!

எனக்கு அதைவிட ருசியாக இருந்தது இன்னொரு பிரிவில் ஜயித்த போர்ஷே கார்தான். அதன் நாலு பேரைப் பாருங்கள். நிக் டாண்டி இங்கிலாந்துக்காரர். 2015 ஆம் ஆண்டு நிஜ லெ மான் பந்தயத்திலேயே ஜயித்தவர். அய்ஹான்ஜான் குவென் துருக்கி தேசத்தவர். டாமி ஆஸ்ட்கார்ட் நார்வேக்காரர். ஜோஷுவா ராஜர்ஸ் ஆஸ்திரேலியர். பந்தயம் பிரான்ஸில் பிற்பகல் மூன்று மணிக்கு ஆரம்பம். அதே நிமிஷத்தில் இங்கிலாந்தில் மணி இரண்டு, துருக்கியில் நாலு, நம் வீட்டில் விளக்கு வைக்கிற ஆறரை மணி, நியூயார்க்கில் காலை ஒன்பது, சிட்னி நகரத்தில் இரவு பதினொன்று. ஒருவருக்குச் சாப்பாட்டு மயக்கம், ஒருவருக்கு மாலைக் காப்பி, ஒருவருக்குப் படுக்கையை உதறிப் போடுகிற வேளை. எல்லாருக்கும் கார் ஒன்றே.

காரைக் கை மாற்றுவது எப்படித் தெரியுமா? டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் கார் அதற்கென்று உள்ள இடத்தில் வந்து நிற்கும். திரையில்தான், ஆனால் பெட்ரோல் குறைவதும் டயர் தேய்வதும் நிஜம்போலவே கணக்கு. அந்தச் சமயம் அடுத்தவர் தம் வீட்டில், தம் நாற்காலியில், கம்ப்யூட்டரை இணைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். இவர் விடுகிறார், அவர் பிடிக்கிறார். கார் ஓர் அங்குலம் நகரவில்லை. ஓட்டுகிறவர் மட்டும் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு மாறிவிட்டார்!

அடுத்தவர் தூங்கிப்போனால்? அங்கேதான் ஆபத்து. இரண்டு மணி நேரம் ஓட்டிக் களைத்தவர் இன்னும் ஒரு மணி ஓட்ட வேண்டும். கண் ஒரு கணம் அசந்தால் கார் சுவரில். அதற்குத்தான் ஓட்டாத ஒருவர் கூடவே விழித்திருந்து, காதில் பேசிக்கொண்டு, அடுத்தவரை டெலிபோனில் எழுப்புகிறார்.

சகோதரிகளே, இது நமக்குத் தெரியாத காரியமா? ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருந்தவர்களைக் கேளுங்கள். பத்து மணிக்கு வருகிறேன் என்ற நாத்தனார் பதினொன்றாகியும் வரவில்லை என்றால், எழுந்து வர முடிகிறதா? கட்டிலை விட்டு நகர முடிகிறதா? முறை மாற்றுகிறவர் வரும் வரையில் நாம் அங்கே கட்டுண்டுதான் கிடக்கிறோம். அந்தப் பையன்கள் கட்டுண்டு கிடப்பதும் அதே மாதிரிதான்.

இதெல்லாம் ஆண் பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே 2020 ஜூன் பந்தயத்தில் ரிச்சர்ட் மில் கோஷ்டியின் காரை ஓட்டிய நாலு பேரும் பெண்கள். ஜெர்மனியின் சோஃபியா ஃப்ளோர்ஷ், கொலம்பியாவின் தத்தியானா கால்டெரோன், இங்கிலாந்தின் கேத்தரின் லெக் மூவரும் நிஜப் பந்தயக்காரிகள். நாலாமவர் எமிலி ஜோன்ஸ், ஆஸ்திரேலியக் கம்ப்யூட்டர் பந்தயக்காரி. இந்த ஃப்ளோர்ஷ் என்ற பெண் 2018 நவம்பரில், பதினேழு வயதில், மக்காவ் பந்தயத்தில் கார் தூக்கி எறியப்பட்டு முதுகெலும்பு முறிந்து பிழைத்தவள். கேத்தரின் லெக், கம்ப்யூட்டர் பந்தயம் முடிந்த அடுத்த மாதமே நிஜக் காரில் பயிற்சி செய்யும்போது விபத்தில் சிக்கிக் காலை முறித்துக்கொண்டார். அவருடைய இடத்தில் பெய்ட்ஸ்கெ விஸ்ஸர் என்ற ஹாலந்து தேசத்துப் பெண் சேர, மூன்று பெண்களுமாகச் செப்டம்பரில் நிஜ லெ மானில் இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டி, தங்கள் பிரிவில் ஒன்பதாவதாக வந்தார்கள். அறையில் ஓட்டினால் காலாவது முறியாது என்று ஒரு தாயாருக்கு ஆறுதல் தோன்றினால், அதில் தப்பில்லை.

ஓட்டுவதைவிட நடத்துவது சிரமம் என்கிறார்கள். லெ மான் பெயரிலேயே 2021 செப்டம்பரில் ஆரம்பித்து, ஐந்து பந்தயங்கள் கொண்ட தொடர் ஒன்று நடந்தது. முதல் பந்தயம் மொன்ஸாவில் நாலு மணி நேரம். கடைசியாக 2022 ஜனவரியில் லெ மானில் இருபத்துநாலு மணி நேரம். இவற்றைப்போல் பெரிய அளவில் இல்லாமல், சொந்தக் கைக் காசு போட்டு, சிநேகிதர்கள் நாலு பேர் சேர்ந்து நடத்துகிற தொடர்களும் ஏராளம். எல்லாருக்கும் முதல் தலைவலி கடிகாரம்.

'சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், குழப்பம் ஆரம்பம். யாருடைய எட்டு மணி? லண்டன் சனிக்கிழமை இரவு எட்டு, நமக்கு நள்ளிரவு தாண்டி ஞாயிற்றுக்கிழமை. போதாக்குறைக்கு மேல்நாடுகளில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தையே ஒரு மணி தள்ளி வைக்கிறார்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை; ஐரோப்பாவில் அதே மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இடையில் இரண்டு மூன்று வாரங்களுக்கு, ஐந்து மணியாக இருக்க வேண்டிய நியூயார்க் – லண்டன் வித்தியாசம் நாலு மணியாகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி போன்ற ஊர்களில் இது நேர்மாறு. ஏப்ரலில் பின்னுக்குத் தள்ளி, அக்டோபரில் முன்னுக்குத் தள்ளுவார்கள். நம் தேசத்துக் கடிகாரமோ வருஷம் முழுக்க அசையாமல் இருந்தபடி இருக்கிறது. ஆனால் அசையாமல் இருக்கிற நமக்குத்தான் பந்தயம் ஒரு வாரம் பத்தரைக்கும் அடுத்த வாரம் ஒன்பதரைக்கும் ஆரம்பிக்கிறது!

ஆகையால் அனுபவப்பட்டவர்கள் எல்லா அட்டவணையையும் உலகப் பொது நேரத்தில், அதாவது கிரீன்விச் கணக்கில்தான் எழுதுவார்கள். பக்கத்தில் ஒவ்வொருவர் ஊர் நேரத்தையும் தனிக் கட்டத்தில் போடுவார்கள். யார் எப்போது ஓட்டுவது, யார் எப்போது தூங்குவது, யார் யாரை எழுப்புவது எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும். எப்போதும் ஒரே நேரத்தில் வைத்தால் ஒரே கண்டத்தார்தான் எப்போதும் பாதி ராத்திரியில் விழிக்க வேண்டும் என்பதால், சிலர் முறை வைத்து நேரத்தை மாற்றுகிறார்கள். 2008 முதல் நடந்து வரும் 'ஐரேஸிங்' என்ற அமெரிக்க அமைப்பில் இன்னொரு யுக்தி: பெரிய பந்தயங்களை ஒரே வாரக் கடைசியில் பல ஆரம்ப நேரங்களில் வைத்து, உங்களுக்குச் சௌகரியமானதில் சேருங்கள் என்கிறார்கள். அங்கே பங்கு விஷயத்திலும் கண்டிப்பு உண்டு. மொத்தச் சுற்றுகளை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதில் கால் பங்காவது ஒவ்வொருவரும் ஓட்டியிருக்க வேண்டும். பெயருக்குச் சேர்ந்துகொண்டு தூங்குகிற வேலை நடக்காது.

இரண்டாவது தலைவலி தூரம். ஐரோப்பாவுக்கும் சிட்னிக்கும் பதினாறு, பதினேழாயிரம் கிலோ மீட்டர். செய்தி கண்ணாடி இழையில் எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும், போய்த் திரும்பக் கால் விநாடி போல ஆகிவிடுகிறது. மணிக்கு 300 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற கார் கால் விநாடியில் இருபது மீட்டர் தாண்டிவிடும். அடுத்த கார் எங்கே இருக்கும் என்று கம்ப்யூட்டர் ஊகித்துத்தான் திரையில் வரைகிறது. ஊகம் தப்பினால் கார் தத்தித் தத்திக் குதிக்கும்; இரண்டு கார்கள் இடித்துக்கொள்ளும். யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்லப் பந்தயத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்க்கிற நடுவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் இல்லாத உத்தியோகம்; திட்டு மட்டும் தாராளம்.

இவ்வளவு செய்தும் இழை அறுந்தால் அறுந்ததுதான். 2020 பந்தயத்தையே கம்ப்யூட்டர் கோளாறினால் இரண்டு முறை சிவப்புக் கொடி காட்டி நிறுத்த வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் நடந்த லெ மான் கம்ப்யூட்டர் பந்தயத்தில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஓட்டினார். அதற்குள் இரண்டு தடவை உலக சாம்பியன் ஆனவர். கூட்டாளிகள் மூவரோடு மாதக்கணக்கில் பயிற்சி செய்திருந்தார். அவர் கார் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது தொடர்பு அறுந்தது. திரும்பச் சேர்ந்தபோது பதினேழாவது இடம். கொஞ்ச நேரத்தில் காரை நிறுத்தி விலகிக்கொண்டார். நடத்தியவர்களைக் கடுமையாகக் கண்டித்து, இனி வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறவர், உலகப் பேர் வாங்கியவர், அவருக்கே அவ்வளவு ஆத்திரம்.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில்.

ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் பிள்ளை கையில் இருந்தது அவனுடைய கார் மட்டும் அல்ல. வேறு மூன்று பேர் தங்கள் முறையைச் சரியாக ஓட்டி, பத்திரமாக அவனிடம் கொடுத்துவிட்டுப் போன கார். நீங்கள் ஸ்விட்சைத் தட்டிய நிமிஷத்தில், எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அவர் கண் முன்னால் கார் காணாமல் போயிருக்கும். மழையா, மின்சாரத் தடையா, பையனுக்கு என்ன ஆயிற்றோ என்று அவருக்குத் தெரிந்திருக்காது. போட்டியில் திரும்பச் சேர வழி உண்டு. இழந்த சுற்றுகள் திரும்பி வர வழியில்லை. உங்கள் பிள்ளைக்குத் தோற்றது பெரிசில்லை. கொடுத்த வாக்குக்குத் தவறிவிட்டோமே என்ற வெட்கம்தான் அந்த இரண்டு நாள் மௌனம் என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் தப்பு உங்களுடையதா? பாதிதான். மறு பாதி அவனுடையது. மூன்று தேசத்துக்கு அட்டவணை அனுப்பத் தெரிந்தவனுக்கு, பக்கத்து அறையில் படுத்திருக்கிற அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே! ஊர் ஊராக நேரம் எழுதிய அந்தக் காகிதத்தில் உங்களுக்கும் ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும். பெற்றவள் அந்த வீட்டுக் கோஷ்டியில் ஐந்தாவது ஆள் இல்லையா?

ஆகவே, அவனைக் கூப்பிட்டு வைத்து நிதானமாகப் பேசுங்கள். முதலில், "அன்றைக்கு அவசரப்பட்டுவிட்டேன்" என்று நீங்கள் சொல்லுங்கள். பெரியவர்கள் ஒரு படி இறங்கினால் பிள்ளைகள் இரண்டு படி இறங்கி வருவார்கள். பிறகு உங்கள் நிபந்தனைகளைப் போடுங்கள். பந்தயம் என்றைக்கு, நம் கடிகாரத்தில் அவன் முறை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரையில் என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்ட வேண்டும். தன் முறை இல்லாத நேரத்தில் படுத்துத் தூங்க வேண்டும். நல்ல கோஷ்டிகளில் அதுவே சட்டம். பரீட்சைக்கு முந்திய வாரம் பேர் கொடுக்கக் கூடாது. மாதத்துக்கு எத்தனை ராத்திரி என்பதை இருவருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பாட்டரிப் பெட்டி ஒன்றை அவனே கைக்காசு சேர்த்து வாங்கட்டும். இதற்கு அவன் சம்மதித்தால், அந்த அறை ஸ்விட்ச் பக்கம் போவதில்லை என்று நீங்களும் வாக்குக் கொடுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அப்போது வேறு மாதிரி பேசலாம்.

இதே கடிதம் ஒரு பெண் குழந்தையைப் பற்றி வந்திருந்தாலும் என் பதில் இதுதான். நிபந்தனைகளில் ஒன்றையும் கூட்டியிருக்க மாட்டேன்.

இன்னொன்று. அடுத்த தடவை அவன் ஓட்டும்போது, முறை முடிகிற நேரத்தைச் சுவரில் பார்த்துக்கொண்டு, அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஒரு டம்ளர் மோரோடு உள்ளே போய்ச் சத்தமில்லாமல் பின்னால் நில்லுங்கள். கார் வந்து நிற்கும். இவன் கையை எடுப்பான். திரையில் கார் அவன் இல்லாமலே மறுபடி புறப்பட்டுப் போகும்; தூரத்தில் யாரோ ஒரு பிள்ளை, யாரோ ஒரு தாயார் பெற்றது, அதை வாங்கிக்கொண்டிருக்கும். அப்போது மோரைக் கொடுத்து, "போய்ப் படு, நான் எழுப்புகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.